டைம் அவுட்டை ஒழித்த கழுதை

ஒரு காட்டில் ஓர் ஓடை இருந்தது. அதில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. தென்கரை மிருகங்களுக்கும் வடகரை மிருகங்களுக்கும் சேர்த்து இருந்தது ஒரே குளம். கோடையில் அதில் யார் முதலில் குடிப்பது என்பதை, நாகரிகம் வளர்ந்துவிட்டபடியால், கடித்துக் குதறித் தீர்க்காமல் வருஷத்துக்கு ஒரு பந்தாட்டம் வைத்துத் தீர்த்துக்கொண்டன. ஜெயித்த கரை விடியற்காலையில் குடிக்கும். தோற்ற கரை, யானைகள் குளித்துக் கரையேறிய பிறகு மிச்சத்தைக் குடிக்கும். அதையும் தண்ணீர் என்றே சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

பந்து என்பது பனங்காய். அதை இரண்டு இலுப்பை மரங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. தென்கரைக்காக உதைப்பது மாசிலாமணி என்ற கழுதை. கழுதைக்குப் பின்னால்தானே உதைக்க வரும்? மரங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தூரத்தை மனசுக்குள் அளந்து, கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை விடும். தப்பியதே இல்லை.

போன கோடையில் தென்கரை இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தது. கடைசி உதை. மாசிலாமணி காலைத் தூக்கிவிட்டது. அந்த நொடியில் வடகரையின் தலைவர் சிங்காரம் என்ற நரி, நிதானமாக, "டைம் அவுட்" என்றது. குளம்பு காயைத் தொடும்வரை இந்த ஒரு நிமிஷ ஓய்வை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது விதி. தூக்கிய கால் நிற்குமா? காய் மரங்களுக்கு நட்டநடுவே பாய்ந்தது. தென்கரை ஆனந்தக் கூத்தாடி முடிக்கும்வரை காத்திருந்து, நடுவர் நாரை அந்த உதை நடக்கவே இல்லை என்று அறிவித்தது. ஓய்வு எதற்கு என்று கேட்டதற்குத் தங்கள் அணி ஆமைக்கு மூச்சு வாங்குகிறது என்றது நரி. ஆமை அன்று காலையிலிருந்து இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

கிடைத்த ஒரு நிமிஷத்தில் மாசிலாமணி யோசிக்க ஆரம்பித்தது. கழுதைக்கு ஆகாத காரியம். எந்தக் காலை முதலில் தூக்குவோம் என்பதே அதற்கு மறந்துபோயிற்று. இரண்டாவது உதை புதருக்குள் போய் விழுந்தது.

அந்தக் கோடை முழுக்கத் தென்கரை சேற்றைக் குடித்தது. மான்கள் மாசிலாமணிக்கு முகம் கொடுக்கவில்லை. குட்டிக்காகச் சேற்றைத் தெளியவைக்கும்போதெல்லாம் அதன் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைப் பார்க்கும். திட்டியிருந்தால் தேவலை.

மாசிலாமணி மனுப் போட்டது. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, குமாஸ்தா முள்ளம்பன்றி கேட்ட மூன்று பிரதிகளையும் கொடுத்து, நான்காவது ஏன் இல்லை என்று திட்டு வாங்கி, ஒன்பது மாதம் அலைந்தது. கடைசியில் காட்டு நீதிபதியான யானை மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. உதைப்பவருக்கும் ஓய்வு வேண்டுமே என்ற கருணையால்தான் டைம் அவுட் கேட்டதாக நரி வாதாடியது.

மாசிலாமணி சுருக்கமாகப் பேசியது. "நான் தப்பா உதைச்சா தோத்துட்டுப் போறோம் ஐயா. ஆனா உதைச்ச உதை கணக்கில வரணும். வேற எதுவும் கேக்கல."

யானைக்கே கண் கலங்கிவிட்டது. கடைசி நொடி டைம் அவுட் இனிமேல் செல்லாது என்று உத்தரவாயிற்று. தென்கரை மாசிலாமணிக்குப் புல்மாலை போட்டது. அது மரியாதையாக மாலையைத் தின்றது.

இந்தக் கோடையும் அதே இரண்டு புள்ளி பின்தங்கல். மாசிலாமணி மரங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. நேர் எதிரே நரி. கால் எழும்பியது. பழக்கதோஷம் யாரை விட்டது? நரியின் வாய் தானாகத் திறந்து, "டைம் அவுட்" என்றது.

காய் இடது பக்கமாகச் சறுக்கி, இலுப்பை மரத்துக்கு வெளியே போய் விழுந்தது.

மாசிலாமணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நல்லவேளை, டைம் அவுட். ஓடிப்போய்க் காயை வாயால் உருட்டிக்கொண்டு வந்து, மறுபடி வைக்கச் சொல்லி நாரையிடம் கேட்டது. அந்தப் பக்கம் வடகரைக் குரங்குகள் நரியின் மண்டையில் குட்டிக்கொண்டிருந்தன.

நாரை இறக்கைக்குள்ளிருந்து உத்தரவை எடுத்து உரக்கப் படித்தது. டைம் அவுட் செல்லாது. உதைத்தது உதைத்ததுதான். மனுதாரர், தென்கரை மாசிலாமணி.

குரங்குகள் குட்டுவதை நிறுத்திவிட்டு நரியைத் தோளில் தூக்கின. இறங்கும்போது நரி மாசிலாமணியிடம் வந்து, மெய்யான பணிவோடு சொன்னது: "எத்தனையோ தந்திரம் பண்ணியிருக்கேன் அண்ணே. நேர்மை இவ்வளவு நல்லா வேலை செய்யும்னு யாருமே எனக்குச் சொல்லலை."

மறுநாள் மாசிலாமணி மறுபடியும் வரிசையில் நின்றது. பழைய விதியைத் திரும்பக் கொண்டுவர மனு. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று முள்ளம்பன்றி கேட்டது. இப்போதைய விதியை வாங்கியவர் பெயரைத்தான் எழுத வேண்டுமாம். மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு தன் பெயரைச் சொன்னது.

"அவர் சம்மதிச்சுட்டா சுலபமா முடியும்," என்றது முள்ளம்பன்றி. "சம்மதிப்பாரா?"

மாசிலாமணி வெகுநேரம் யோசித்தது.

"கஷ்டம்தாங்க," என்றது. "நியாயம்னு வந்துட்டா அவர் ரொம்பப் பிடிவாதம்."

நீதி: அநியாயத்தை ஒழிக்கக் கிளம்பும் முன், அடுத்த வருஷம் அது நமக்குத் தேவைப்படுமா என்று விசாரித்துக்கொள்க.