படிப்படியாக நான் நடத்திய பாடம்

வாயால் சொன்னாலே போதும் என்கிற விஷயத்தை ஒருநாளும் செய்து காட்டக் கூடாது. இந்தச் சின்ன உண்மையை நான் உணர ஒரு பள்ளிக்கூடமே அலற வேண்டியிருந்தது.

எழுபதுகளின் கடைசி. ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு, மதுரையில் தபால்காரரை எதிர்பார்த்தே எனக்குக் கண் பூத்துப் போயிருந்தது. ஒருவழியாக வாடிப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது அப்பா கறாராகச் சொன்னார்.

"இந்தா பாரு தாயி, இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. இதுவும் கெடைக்கலன்னா கொட்டாம்பட்டிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிப்புடுவேன்."

கொட்டாம்பட்டி மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே, "பொம்பளைக்கு எதுக்குங்க வேலை?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இருந்த கடைசி பஜ்ஜியையும் எடுத்துக்கொண்டவர். (எனக்கென்று வைத்திருந்த பஜ்ஜி அது!)

எனக்குக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு. கீற்றுக் கொட்டகைக்குள் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டி மட்டும்தான். "நீங்க எதைச் சொன்னாலும் புள்ளைக அப்படியே திருப்பிச் சொல்லும்மா. அம்புட்டுப் பழக்கம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஹெட்மாஸ்டர் தாளாளரோடு பின்னால் போய் உட்கார்ந்தார்.

பாடத்தில் 'படிப்படியாக' என்று ஒரு சொல். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது என்று பொருள் சொல்லி, 'செடி படிப்படியாக வளர்ந்தது' என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் சோலி முடிந்திருக்கும். நான்தான் பயிற்சியில் முதல் மாணவியாயிற்றே! செய்து காட்டக் கிளம்பினேன்.

"சத்தம் எப்படிக் கூடுதுன்னு கவனிங்க" என்று சொல்லிவிட்டு, ரகசியம் பேசுவதுபோல "படிப்படியாக" என்றேன். பிள்ளைகளும் ரகசியமாகச் சொன்னார்கள். குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். அவர்களும் உயர்த்தினார்கள். ஆகா, என்ன பிள்ளைகள்! இன்னும் உயர்த்தினேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து நான்காம் வகுப்பும் சேர்ந்துகொண்டது. அதற்கும் அப்பாலிருந்து ஐந்தாம் வகுப்பு. கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்தே போய்விட்டன.

நான் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினேன்.

"போதும்!" என்றேன்.

"போதும்!" என்றது பள்ளிக்கூடம்.

"ஐயோ, நிறுத்துங்க!"

"ஐயோ, நிறுத்துங்க!"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். (அந்தப் புத்தி இருந்தால் ஏன் இந்தக் கதி?) "சும்மா இருங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதையும் மூன்று வகுப்புகளும் சேர்ந்து தாளாளருக்குக் கேட்கும்படி சொல்லின.

எதிர்த்த டீக்கடைக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "எங்கண்ணே தீ?" என்று அவர் கேட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் பாதி வாளி தாளாளரின் வேட்டியில் இறங்கிவிட்டது. அதன்பிறகுதான் பள்ளிக்கூடம் அடங்கியது.

போச்சு, எல்லாம் போச்சு. ஆயுசுக்கும் கொட்டாம்பட்டியில் பஜ்ஜி சுட வேண்டியதுதான் என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தாளாளர் வேட்டியைப் பிழிந்துகொண்டே முன்வரிசைச் சிறுமியிடம் கேட்டார். "ஏம்மா, படிப்படியாகன்னா என்ன?"

அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். "அது வந்து சார், மொதல்ல டீச்சர் மட்டும் கத்துனாங்க. பெறகு நாங்க கத்துனோம். பெறகு நாலாப்பு, பெறகு அஞ்சாப்பு. கடைசியா டீக்கடைக்காரரு வந்தாரு."

தாளாளர் முதலில் மீசைக்குள் சிரித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தப் புள்ளைக இனிமே இதை மறக்கும்கிறீங்க? திங்கக்கிழமை வந்து சேருங்கம்மா" என்றார். எனக்கு அந்த ஈர வேட்டியிலேயே விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. அப்பா மறுநாளே கொட்டாம்பட்டிக்கு வேண்டாமென்று கார்டு போட்டுவிட்டார்.

வேலைக்குப் போகும் பெண்தான் வேண்டும் என்று கேட்டு வந்தவரைப் பிற்பாடு கட்டிக்கொண்டேன். வாடிப்பட்டிக் கதை அவருக்கு அத்துப்படி. இன்றைக்கும் நான் மெதுவாக "ஏங்க..." என்று ஆரம்பித்தாலே போதும், மனுஷன் எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு வந்துதான் "சொல்லு" என்கிறார்.