ஞாயிற்றுக்குள்ளா, ஞாயிறு வரைக்குமா?

இந்த வருஷம் முட்டைக்கோஸ் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுப்பதில்லை என்று டாக் குவாங்சூ சபதம் எடுத்தார்.

சபதத்துக்குக் காரணம் வீரம் இல்லை. பயம். கலப்படமில்லாத பயம். நவம்பர் பிறந்துவிட்டால் கொரியாவின் செங்ஜு நகரத்து மனைவிமார்கள் குளிர்காலத்துக்கான கிம்ச்சி என்னும் முட்டைக்கோஸ் ஊறுகாய் போடத் தாய்வீட்டுக்குக் கிளம்புவார்கள். மூட்டை தூக்கக் கணவன்மார்கள் கூடவே போக வேண்டும். குவாங்சூவின் மாமியார் கோய்சான் கிராமத்தில் முட்டைக்கோஸை மலையாகக் குவித்துவைத்து, அதன் பக்கத்தில் நின்று மருமகன்களை எடை போடுகிறவர். மூத்த மாப்பிள்ளை இரண்டு தோளிலும் உப்பு மூட்டை சுமப்பார். குவாங்சூ போன வருஷம் ஒரே ஒரு மூட்டையைத் தூக்கினார். தூக்கிய மூட்டையோடு உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தார்.

"உப்பு கம்மியா இருக்கேன்னு இப்பத்தான் நெனச்சேன்" என்றார் மாமியார், ஊரே கேட்க. "மாப்பிள்ளை தானே எறங்கிட்டாரு. என்ன அக்கறை பாருங்க."

ஊர் சிரித்த சிரிப்பு இன்னமும் கனவில் வருகிறது. மறுபடி அந்த முற்றத்தில் போய் நிற்க அவர் தயாராக இல்லை.

அதனால் ஒரு திட்டம் போட்டார். அவர் வேலை பார்ப்பது பம்பு கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார், சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆபீஸிலேயே கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மனைவி நம்புவதற்காக அவள் எதிரிலேயே ஆங்கிலத்தில் போன் பேசிவிடுவது. வெளிநாட்டுக்காரர் பெயர் பீட்டர்சன். அவர் பிறந்த ஊர் குவாங்சூவின் மண்டை.

ஒரே ஒரு தொல்லை, ஆங்கிலம். அதிலும் அந்த முன்னிடைச்சொற்கள். கொரிய மொழியில், நம் தமிழைப் போலவே, இந்த ஒட்டுகள் எல்லாம் நல்ல புருஷன் மாதிரிப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலேயே அடக்கமாக வரும். ஆங்கிலத்தில் மாமியார் மாதிரி முன்னால் வந்து நின்றுகொள்ளும். அதிலும் 'கஜி' என்று ஒரு கொரிய ஒட்டு. 'ஞாயிற்றுக்குள்' என்றாலும் கஜிதான், 'ஞாயிறு வரைக்கும்' என்றாலும் கஜிதான். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது. ஆங்கிலத்தில் இதற்குப் 'பை' என்று ஒரு சொல்லும் 'அன்டில்' என்று ஒரு சொல்லும் தனித்தனியாக உண்டு. கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று குவாங்சூ பையை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை முடித்து வெளியே வந்தார். மனைவி மிரான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கூடை நிறையப் பூண்டை வைத்துக் கத்தியால் உரித்துக்கொண்டிருந்தாள். குவாங்சூவின் போன் பூண்டுத் தோலுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்தது. மிரான் போனில் சார்ஜ் தீர்ந்தால் அவர் போன்தான் குடும்பப் பொதுச்சொத்து.

"அட, போன் அதிருதே" என்று பாய்ந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கண் முழுக்க அவள் கத்தி மேலேயே இருந்தது. "ஹலோ! எஸ் சார்! நோ ப்ராப்ளம் சார்! ஐ ஸ்டே ஆபீஸ்! பை சண்டே! எஸ், பை சண்டே!"

காதுக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்தது. பயத்தில் காது அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"யாருங்க?" என்றாள் மிரான், பூண்டைப் பார்த்தபடியே.

குவாங்சூ போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் பொய் கீழே விழுந்துவிடும் போலிருந்தது. "பீட்டர்சன். வெளிநாட்டுக்காரரு. ஞாயித்துக்கிழமை கஜி நான் ஆபீஸ்லயே இருக்கணுமாம். என்ன செய்யறது சொல்லு. இந்த வருஷமும் அத்தையோட இருந்து கிம்ச்சி போடலாம்னு எவ்வளவு ஆசையா இருந்தேன்."

"ஆனா நீங்க 'பை சண்டே'ன்னுல்ல சொன்னீங்க, யூரி அப்பா."

"ஆமா. கஜின்னா பை."

"அது வேற கஜி. பைன்னா ஞாயித்துக்கெழமை முடியறதுக்கு முன்னாடி எப்ப வேணா தலையைக் காட்டினா போதும். அங்கேயே கெடக்கணும்னா அன்டில்."

"உனக்கு… எப்படித் தெரியும்?"

"போன வாரம் யூரிக்குப் பரீட்சை. பக்கத்துல உக்காந்து படிக்க வெச்சது யாரு, பீட்டர்சனா? வருஷம் தவறாம வர்ற கேள்வி அது." அடுத்த பூண்டை எடுத்தாள். "நல்லதாப் போச்சு. சனிக்கெழமை விடியறதுக்குள்ள கெளம்பிடலாம். மூட்டையெல்லாம் தூக்கிட்டு, ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நேரா ஆபீஸ் போயிடுங்க. வெளிநாட்டுக்காரருக்குக் குடுத்த வாக்கு, தவறக் கூடாது."

சண்டே போய்ச் சண்டையாகிவிடும் போலிருந்தது. உப்புத் தொட்டி கண்ணெதிரே அலையடித்தது.

"இல்லம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன். அவரு சொன்னது அன்டில்தான்."

"அடடா, அப்ப அவரு தப்பாப் புரிஞ்சிருப்பாரே. இன்னும் லைன்லதான் இருக்காரா?"

"இ… இருக்காரு."

"அப்ப இப்பவே திருத்திச் சொல்லிடுங்க." முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சார்! சாரி சார்! நாட் பை! அன்டில்! அன்டில் சண்டே!"

போனுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். கற்பனையில் பிறந்த பீட்டர்சனுக்கு மூச்சு எங்கிருந்து வரும்?

"என்ன சொல்றாரு?" என்றாள் மிரான்.

"ஒத்துக்க மாட்டேங்கிறாரு. மாமியார் வீட்ல வேலை இருக்குன்னு கெஞ்சிப் பார்த்தேன். அதெல்லாம் அவங்களே பாத்துப்பாங்க, வேணும்னா அந்தம்மாவே நாலு மூட்டை தூக்குவாங்கன்னு சொல்றாரு. ஈரமில்லாத மனுஷன்."

"பாவம், ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருப்பாங்க" என்றாள் மிரான்.

"யாரு?"

"எங்கம்மா. நீங்க குளியலறையில இருந்தப்ப உங்க போன்லதான் பேசிக்கிட்டிருந்தேன். மொளகாய்ப் பொடி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு வரேன், வைக்காதேன்னு போனாங்க. நான் எங்க வெச்சேன்? நீங்கதான் எடுத்தீங்க."

குவாங்சூ போனை மெல்லக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். திரையில் மாமியாரின் பெயர் ஒளிர்ந்தது. பதற்றத்தில் எந்தப் பொத்தானில் விரல் பட்டதோ, மாமியாரின் குரல் சமையலறை முழுக்க ஒலித்தது.

"மாப்பிள்ளை, இங்கிலீஷெல்லாம் எனக்கெதுக்குப்பா? அந்த நாலு மூட்டையும் உங்களுக்காகவே தனியா எடுத்து வெச்சிருக்கேன். வெள்ளிக்கெழமை கஜி வந்துடுங்க. ஞாயித்துக்கெழமை கஜி இருங்க."

குவாங்சூ சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். மிரான் அவர் பக்கமாக ஒரு கத்தியையும் பாதிக் கூடைப் பூண்டையும் நகர்த்தினாள்.

"மொத கஜி பை" என்றாள். "ரெண்டாவது கஜி அன்டில்."