எங்க வம்சத்து மண்டை

மும்பை ஆஸ்பத்திரிகளில் மூட்டைப்பூச்சிக்கு அடுத்தபடியாக நீங்கள் அதிகம் பார்க்கக்கூடிய உயிர், வம்சம் பேசுகிறவர். ஆண்டவர் படைப்பில் இவருக்கும் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். லிசாவுக்குத்தான் அது இன்னும் பிடிபடவில்லை.

அவள் புருஷன் ஜோன்ஸ் செம்பூர் சிக்னலில் பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு, கண் திறந்தும் மூன்று வாரமாகப் பேச்சு வராமல் கிடந்தான். தாராவியிலிருந்து தினமும் பார்வை நேரத்துக்கு முன்பே வந்து, வாட்ச்மேனிடம் இந்தியில் சண்டை போட்டு உள்ளே நுழைந்து, இருக்கிற ஒரே ஸ்டூலைப் பிடித்து, நோயாளிக்கென்று வாங்கிய மோசம்பியை, அதாவது சாத்துக்குடியை, தானே உரித்துத் தின்றுகொண்டே ஆரம்பிப்பார் ஜோன்ஸின் பெரியப்பா சிங்கராயர். விரல் அசைந்ததா? அப்பா வழி ரத்தம். காய்ச்சல் வந்ததா? அம்மா வழி.

“எங்க வீட்டு ரத்தம் என்ன, கொசு குடிச்ச மிச்சமா அத்தான்?” என்பாள் ஜோன்ஸின் அம்மா தெரசம்மாள்.

ஒருநாள் டாக்டர் ஷ்யாமளா சொன்னார்: “மூளை அடிபட்டா சிலர் சீக்கிரம் தேறறதுக்குப் பரம்பரையா வர்ற ஜீனும் கொஞ்சம் காரணமா இருக்கலாம். யாருக்கு எப்படின்னு உறுதியாச் சொல்ல முடியாது. பேச்சுப் பயிற்சியை மட்டும் நிறுத்திடாதீங்கோ.”

சிங்கராயர் காதில் ஏறியது முதல் வாக்கியம் மட்டும்.

“கேட்டியா லிசா? டாக்டரே சொல்லிட்டாவ! எங்க அப்பா லோக்கல் ட்ரெயின்ல இருந்து விழுந்து, அடுத்த ட்ரெயினப் பிடிச்சு மில்லுக்குப் போனவரு. இது எங்க வம்சத்து மண்டை, தானா எந்திரிக்கும். பயிற்சி கியிற்சின்னு புள்ளையப் படுத்தாத.”

பயிற்சியை விட்டுவிட்டு, பேச்சு வராமலே போய்விட்டால் என்று லிசாவுக்குப் பயம்.

“நீங்க மோசம்பி தின்னுங்க மாமா” என்று மட்டும் சொன்னாள். ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் புருஷன் தாடை. “ஆ சொல்லுங்க… அம்மா சொல்லுங்க…” நாளுக்கு நூறு தடவை. பக்கத்தில் சிங்கராயர், கொள்ளுத்தாத்தா காலத்துக் காயங்கள் வரை நிறுத்தாமல் விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் ஜோன்ஸின் உதடு துடித்தது. லிசா மூச்சைப் பிடித்துக் குனிந்தாள்.

“பெரி…யப்பா… பேசாம… இரும்.”

லிசா அழுதுகொண்டே சிலுவை போட்டாள். தெரசம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். சிங்கராயர் ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்தார்:

“பாத்தியளா! எங்க அப்பாவும் இப்படித்தான், வெடுக்குன்னு பேசுவாரு!”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் பிள்ளை கணக்கில் நூறு வாங்கியபோது அது எந்த வீட்டு மூளை என்று சொன்னீர்கள்? மராத்தியில் பெயிலானபோது?