வேட்டிக்கு வைத்த கஞ்சி

வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருபத்து நான்கு வயது வரை, எம்.காம். முடித்துக் கல்யாணமும் ஆன பிறகும், என் தலையை நானே அலசியதில்லை. இடுப்பைத் தாண்டிய முடி. எண்ணெய் வைப்பது, சீயக்காய் தேய்ப்பது, சிக்கெடுப்பது எல்லாம் அம்மாதான். நான் மணையில் உட்கார்ந்து 'எரியுது, எரியுது' என்று கத்துவேன். (என் பங்கு அது ஒன்றுதான்.)

பெண் பார்க்க வந்தபோது மாமியார் முகத்தைவிட முடியைத்தான் அதிகம் பார்த்தார். "இவ்வளவு முடியையும் யாரும்மா பாத்துக்கறது?" என்று கேட்டார். "நானேதாங்க" என்றேன். அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது.

கல்யாணமாகித் திருவிடைமருதூர் வந்த பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது சாக்குச் சொல்லி நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். பரட்டைத் தலையோடு போய்ப் பளபளவென்று திரும்பி வருவேன். பெண் அம்மா மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று மாமியார் நினைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் மாட்டிக்கொண்டேன். அன்று மாலை மாமனாருடைய தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். பெரியப்பா என்ற முறையில் மாமனார்தான் தட்டு மாற்ற வேண்டும். உறவு முழுவதும் புது மருமகளைச் சாவகாசமாகப் பார்க்கப் போகிற முதல் நாளும் அதுதான். மாமியார் ஒத்தாசைக்காகக் காலையிலேயே கிளம்பினார்.

"பாத்ரூம்ல ரெண்டு வாளி வெச்சிருக்கேன். சிவப்புல சீயக்காயை வடிகஞ்சியில கரைச்சிருக்கு, நீ தலைக்குக் குளிச்சிடு. பச்சையில இருக்கற கஞ்சி மாமா வேட்டிக்கு. நீலமும் விட்டாச்சு, முக்கிக் காயப் போட்டாப் போதும். முடி நல்லா இருக்கணும்மா. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

கடைசியாகச் சொன்னாரே, அதுதான் வம்பு. முடி சரியாக இல்லையென்றால் நான் சொன்ன பொய் சபையிலேயே அம்பலமாகிவிடும்.

நல்லெண்ணெயைத் தாராளமாக அப்பிக்கொண்டு உள்ளே போனேன். குவளையில் கிடந்த தண்ணீரை ஊற்றியதுமே எண்ணெய் கண்ணுக்குள் வழிந்தது. இறுக மூடிக்கொண்டு, கையால் துழாவி ஒரு வாளியை இழுத்தேன். வடிகஞ்சி வாசனை வந்தது. சரியான வாளிதான் என்று முடிவு கட்டினேன். (இரண்டிலுமே வடிகஞ்சிதான் என்பது எம்.காம். மூளைக்கு எட்டவில்லை.) மொண்டு மொண்டு ஊற்றித் தேய்த்தேன். சீயக்காயின் நரநரப்பே இல்லை. மாமியார் எவ்வளவு நன்றாகச் சலித்திருக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது பச்சை வாளி காலி. சிவப்பு வாளி தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. கரண்ட் ஐந்து மணிக்குத்தான் வரும், அதுவரை மோட்டார் ஓடாது; நாங்களோ அதற்கு முன்பே மண்டபத்துக்குக் கிளம்பியாக வேண்டும். வாய்க்காலுக்கு ஓடலாமென்றால் மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு குடம் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். சீயக்காயையும் தேய்த்துவிட்டு அலச வழியில்லாமல் நிற்பதற்கு இதுவே மேல் என்று தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

சித்திரை வெயில் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தது. தலையைத் திருப்பினால் முடி சற்றுத் தாமதமாக, மொத்தமாகத் திரும்பியது. சீப்பு நுழைந்த இடத்திலேயே நின்றது. காதோரமெல்லாம் நீலம். கீழே இறங்கி மாமனாரிடம் போனேன்.

"மாமா, வேட்டிக்குக் கஞ்சி போடலை."

"ஏம்மா, கஞ்சி இல்லையா?"

"இருந்துச்சு மாமா."

"இப்ப எங்க?"

தலையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா ஏறியிருக்கு" என்றார்.

அழுதேவிட்டேன். "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"நான் சொல்ல மாட்டேன். வேட்டி சொல்லிடும்."

மண்டபத்தில் அவர் பாடு என் பாட்டைவிட மோசம். கஞ்சியில்லாத வேட்டி காலைச் சுற்றியது, இடுப்பில் நிற்க மறுத்தது. தட்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டுமே. வாங்கினார், முழங்கைகளால் வேட்டியை அழுத்திப் பிடித்தபடி. நான், எப்படியோ முறுக்கிப் போட்ட பின்னல் தெரியாமல், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். வியர்வையில் கஞ்சி இளகுகிறதோ என்று பயமாக இருந்தது.

மாமனாரின் தங்கை, பேராவூரணியிலிருந்து வந்த மாலா சித்தி, நேராக என்னிடம் வந்து பின்னலைத் தொட்டுப் பார்த்தார். மொறுக் என்றது.

"என்ன அண்ணி, உங்க மருமக முடி இப்படி அப்பளமா இருக்கு? காதெல்லாம் நீலமா வேற இருக்கு."

மாமியார் என் காதைப் பார்த்தார். திரும்பி மேடையில் மாமனாரின் வேட்டியைப் பார்த்தார். அவருக்கு எல்லாமே புரிந்துவிட்டது. இனி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"எங்க வீட்ல அப்படித்தான் மாலா" என்றார் மாமியார், முகத்தில் சலனமே இல்லாமல். "கஞ்சியில ரெண்டு சொட்டு நீலம் விட்டு முடிக்குப் போடுவோம். கொட்டாது, நரைக்காது. ரொம்பப் பேருக்கு இது தெரியாது."

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பையைத் தூக்கியதும், "அதை வெச்சிட்டு வந்து உக்காரு" என்றார். அவரே எண்ணெய் வைத்து, அவரே அலசிவிட்டார்.

ஆனால் மாலா சித்தி அன்று மண்டபத்தில் மாமியார் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். இருபது வருடங்களாக வாராவாரம் தலைக்குக் கஞ்சி போடுகிறார். உண்மையைச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. போன மாதம் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நரைக்காதுன்னீங்களே அண்ணி, அது மட்டும் பலிக்கல" என்றார், விறைத்த பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு. "ஆனா நீலம் போட்டதுல, நரைச்சதெல்லாம் எவ்வளவு வெள்ளையா இருக்கு பாருங்க."

மாமனார் மெல்ல எழுந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.