மத்தியானக் காட்சிக்கு மட்டும் சிரிக்கவும்

சிரித்தால் என்ன ஆகும் என்பதை பிலிஸ் டீச்சர் இந்தியில் ஒரு முறை, மராத்தியில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்லி முடித்தாள். பிரெஞ்சில் சொல்லவில்லை. அந்தப் பள்ளியின் பிரெஞ்சு டீச்சரே அவள்தான். ஆனாலும் அவசரத்துக்குக் கைகொடுக்கிற அளவுக்கு அந்த மொழி அவளிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அசெம்பிளி ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிரான்சிலிருந்து வந்த நாடகக் குழு திரைக்குப் பின்னால் தயாராகிக்கொண்டிருந்தது. மூன்று பேர்தான் குழு. கூட ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. புனேயின் போபோடியில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நிஜமான பிரெஞ்சுக்காரர்கள் கால் வைப்பது அதுவே முதல் தடவை.

அவர்களை வரவழைத்ததே பிலிஸ்தான். ஆசைப்பட்டு அல்ல, வேறு வழியில்லாமல். புனேயில் இப்போது எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் பிள்ளைக்கு ஜெர்மன் வேண்டும் என்கிறார்கள். சாக்கனில் கார் கம்பெனி, ஹிஞ்சவடியில் சாஃப்ட்வேர் கம்பெனி, எல்லாவற்றுக்கும் ஜெர்மன்தான் வாசற்படியாம். வருகிற ஜூனிலிருந்து பிரெஞ்சை எடுத்துவிடலாம் என்று பிரின்சிபால் மிஸஸ் கானிட்கர் முடிவுக்கு வந்திருந்தார். பிரெஞ்சு போனால் பிலிஸும் போகவேண்டியதுதான். ஐம்பது வயதுக்கு மேல் அவள் எந்தப் பள்ளியின் வாசலில் போய் நிற்பாள்?

பிரெஞ்சு வெறும் பாடம் இல்லை, அது ஒரு கலாச்சாரம் என்று பிலிஸ் வாதாடினாள். எங்கேயோ படித்த வாக்கியம். அப்படியானால் அந்தக் கலாச்சாரத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள், பிள்ளைகள் மனதை அது தொடுகிறதா என்று நானே பார்க்கிறேன் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

பிலிஸிடம் பிரெஞ்சு எடுத்த பிள்ளை எதுவும் தொண்ணூறு மார்க்குக்குக் கீழே வாங்கியதில்லை. எடுத்த பிள்ளை எதுவும் பிரெஞ்சில் பேசியதும் இல்லை. வினைச்சொல்லின் அத்தனை காலங்களையும் அவர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். அந்த வினைச்சொல்லை வைத்து ஒரு டீ வாங்கச் சொன்னால் முழிப்பார்கள். டீச்சரும் அப்படித்தான். போன வாரம் குழுவின் தலைவி மதாம் ஓதில் ஃபோனில் கூப்பிட்டு நாடகத்தைப் பற்றி விலாவாரியாகப் பேசினாள். பிலிஸ் எல்லாவற்றுக்கும் "உய், உய்" என்றாள். ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். யாரிடமும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் வம்பில்லை என்பது அவள் சித்தாந்தம்.

அயல்நாட்டுக் கலை என்றால் மாதா கோயில் பூசை மாதிரி நிசப்தமாகப் பார்க்க வேண்டும். இதில் பிலிஸுக்குச் சந்தேகமே இல்லை. எட்டாம் வகுப்போ காற்றடித்தாலே சிரிக்கிற வகுப்பு. அதனால்தான் மூன்று மொழியில் மிரட்டல்.

நாடகம் தொடங்கியது. நம் பள்ளிக்கூடங்களில் டீச்சர்கள் எந்த நிகழ்ச்சியையும் பார்ப்பதில்லை என்பது வெளியாருக்குத் தெரியாது. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைத்தான் பார்ப்பார்கள். பிலிஸும் அப்படியே நின்றாள். முதுகுக்குப் பின்னால் யாரோ தடாலென்று விழுந்தார்கள். பெட்டி மூடி படீரென்று சாத்திக்கொண்டது. ஒரு ஆண் பெண் குரலில் அழுதான். எதிரே பிள்ளைகளின் கன்னங்கள் உப்பின. கண்கள் பிதுங்கின. இரண்டாவது வரிசையில் கிளைவ் என்ற பையன் கழுத்து டையை வாய்க்குள் திணித்துக்கொண்டான். பிலிஸ் ஒரே ஒரு பார்வை பார்த்தாள். டை இன்னும் உள்ளே போயிற்று.

ஒரு மணி நேரம் ஒரு சத்தம் இல்லை. கடைசியில் எல்லோரும் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, மூன்றே மூன்று தட்டு கைதட்டிவிட்டு வரிசையாக வெளியே போனார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பிலிஸ் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே மூன்று நடிகர்களும் வியர்த்து விறுவிறுத்து, வீட்டில் திருடு போனவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

குழுவோடு மொழிபெயர்ப்பாளராக மீனு என்ற பெண் வந்திருந்தாள். வாகடில் இருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண். பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, பிறந்ததே புனேயில் என்பதால் தமிழ்தான் தடுக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவள் பிலிஸைத் தனியாக அழைத்துப்போனாள்.

"ஆன்ட்டி, அவங்க ரொம்ப உதாஸ் ஆயிட்டாங்க. மத்லப், வருத்தம். எந்த ஊர்லயும் இப்படி ஆனதில்லையாம்."

"எப்படி ஆனதில்ல? பசங்க எவ்ளோ டீசண்டா உக்காந்திருந்தாங்க."

"அதான் பிராப்ளம். அது காமெடி நாடகம் ஆன்ட்டி. ஒருத்தர்கூட சிரிக்கல."

பிலிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். காலையில் கல்வி அதிகாரி அலுவலகத்துக்குப் போயிருந்த பிரின்சிபால் மத்தியானக் காட்சிக்குத்தான் வருகிறார். ஒன்பதாம் வகுப்புக்கான காட்சி. அதே நாடகம் இன்னொரு முறை படுத்துவிட்டால், ஜூன் மாதமே இன்றைக்கு வந்துவிடும். மதாம் ஓதில் தட்டில் வைத்த பூரியைத் தொடாமல் சக நடிகர்களிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிலிஸுக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்க பிரெஞ்சு வேண்டுமே. நாடகத்திலேயே ஈடுகட்டிவிடலாம் என்று ஒன்பதாம் வகுப்பைப் பார்த்து ஓடினாள்.

மறுபடியும் மூன்று மொழி. இந்த முறை, சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கினாள். ஒன்பதாம் வகுப்பு கொஞ்சம் பெரிய மனுஷர்களின் வகுப்பு. எஸ்தர் என்ற பெண் எழுந்து, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நியாயமான கேள்வி கேட்டாள். அது பிலிஸுக்கும் தெரியாது.

"நான் கர்ச்சீஃபை ஆட்டுவேன். ஆட்டினா சிரிக்கணும். அவ்ளோதான்."

ஒத்திகை பார்த்தார்கள். பல் வலிக்காரர்கள் முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. இது தேறாது என்று கண்டுகொண்ட பிலிஸ் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். அவள் கணவர் சிரில் தாபோடியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய சிரிப்பு அந்தப் பக்கத்து கிறிஸ்தவக் குடும்பங்களுக்கெல்லாம் தெரிந்த சிரிப்பு. முதலில் நீளமாக ஒரு விசில், பிறகு பிரஷர் குக்கர் திறந்த மாதிரி ஒரு வெடிப்பு. அதைக் கேட்டு யாரும் சும்மா இருந்ததில்லை. துக்க வீடுகளுக்கு மட்டும் பிலிஸ் அவரை வாசலோடு நிறுத்திவிடுவாள்.

சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு சிரில் ஆட்டோவில் வந்து இறங்கினார். முன் வரிசையில் பிரின்சிபாலுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அவரை உட்காரவைத்தாள்.

"எதுக்கு சிரிக்கணும்?" என்று கேட்டார் சிரில்.

"எதுக்குன்னு கேக்காதீங்க. நான் கையைக் காட்டினா சிரிக்கணும்."

"கல்யாணமானதுலேர்ந்து அதானே செய்யறேன்" என்று அவர் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

பிரின்சிபால் வந்தார். மதாம் ஓதில் திரைக்கு முன்னால் வந்து நின்று, கையை நெஞ்சில் வைத்து, பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசினாள். அதை மொழிபெயர்க்க மீனு மைக்கை எடுத்தாள். பிலிஸுக்கு அடுத்த கிலி பிடித்தது. மொழிபெயர்த்தால்தான் புரியும் என்றால், இத்தனை வருஷம் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தாய் என்று பிரின்சிபால் கேட்கமாட்டாரா? பாய்ந்துபோய் மைக்கை வாங்கி, எங்கள் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பு தேவையே இல்லை என்று அறிவித்தாள். பிரின்சிபாலின் புருவம் உயர்ந்தது. மீனு தோளைக் குலுக்கிவிட்டு, கடைசிச் சுவரோரம் விளக்கு சுவிட்சுகள் இருக்கிற இடத்துக்குப் போனாள்.

பிலிஸ் வழக்கம்போல மேடைக்கு முதுகைக் காட்டி, கையில் கர்ச்சீஃபோடு நின்றாள்.

எங்கே ஆட்டுவது என்பதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். நடிகர்கள் பேசுவதை நிறுத்தினால் அது சிரிப்புக்காக விட்ட இடம். மதாம் ஓதிலின் குரல் மெல்லக் கேட்டது. நடுவில் நிபந்தனை வினை ஒன்று காதில் விழ, அது ஐந்து மார்க் கேள்வி என்பதால் பிலிஸுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குரல் நின்றது. பிலிஸ் கர்ச்சீஃபை ஆட்டினாள்.

சிரில் தயங்கினார். பிலிஸ் கண்ணை உருட்டினாள். விசில் கிளம்பியது. குக்கர் வெடித்தது.

ஒன்பதாம் வகுப்பு ஒரு நொடி திகைத்துப் பார்த்தது. அப்புறம் தாங்கவில்லை. சிரிலின் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மேடையில் குரல்கள் இன்னும் நிறுத்தி நிறுத்திப் பேசின. நிறுத்திய இடத்திலெல்லாம் கர்ச்சீஃப் பறந்தது. ஒரு கட்டத்தில் மதாம் ஓதில் நீண்ட நேரம் எதுவுமே பேசவில்லை. அடேயப்பா, எவ்வளவு பெரிய இடம் விடுகிறாள் என்று பிலிஸ் இரண்டு கையாலும் ஆட்டினாள். பிரின்சிபால் மிஸஸ் கானிட்கர் முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்தார். கடைசியில் அதையும் விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது என்று பிலிஸ் பூரித்துப்போனாள்.

வேலை தப்பியது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆண்டவருக்கும் சிரிலுக்கும் ஒரே மூச்சில் நன்றி சொன்னாள்.

நாடகம் முடிந்ததும் பிரின்சிபால் தானே மேடையேறினார். இத்தனை வருஷத்தில் இந்த ஹாலில் நான் இப்படிச் சிரித்ததில்லை, பிள்ளைகள் ஒரு மொழியை இவ்வளவு ரசித்துப் பார்த்ததும் இல்லை, பிரெஞ்சு இந்தப் பள்ளியில் இருக்கும் என்று மைக்கில் சொன்னார். அதோடு விடாமல், இதே நாடகத்தை ஆண்டு விழாவில் பெற்றோர்களுக்கும் போட வேண்டும், பிலிஸ் டீச்சர்தான் ஏற்பாடு என்றும் சொல்லிவிட்டார். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. மூன்று தட்டு விதியை அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

மதாம் ஓதில் இறங்கி வந்து பிலிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. கேள்வி கேட்கிற தொனியில் நீளமாக ஏதோ சொன்னாள். பிலிஸ் மனம் நெகிழ்ந்து, "உய், உய்" என்றாள். மதாம் ஓதில் கைகளை விட்டாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். பிறகு விறுவிறுவென்று வேனுக்குப் போய் ஏறிக்கொண்டாள். கலைஞர்களுக்கு உணர்ச்சி அதிகம் என்று பிலிஸ் எடுத்துக்கொண்டாள்.

சிரில் தொண்டையைத் தடவிக்கொண்டே வந்தார். ரொம்பக் கஷ்டப்பட்டுச் சிரிக்க வேண்டியிருந்தது, ராத்திரிக்கு மிளகு ரசம் வை என்றார். மிளகு ரசம் என்ன, மட்டனே வைக்கிறேன் என்றாள் பிலிஸ்.

மேடைச் சாமான்களைக் கட்டி முடித்துவிட்டு மீனு வந்தாள். அவளை பிலிஸ் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"பாத்தியா மீனு? காலையில சிரிக்காத ஸ்கூலா இது? உங்க மதாமுக்கு இப்ப மனசு ஆறிச்சா?"

மீனு கையில் மிச்சமிருந்த கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாள். தமிழில் வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்து பிலிஸ் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"ஆன்ட்டி, காலையில யாரும் சிரிக்கலன்னதும் மதாம் என்ன சொன்னாங்கன்னா, இந்த ஸ்கூல் பசங்க ரொம்ப சீரியஸ், இவங்களுக்கு காமெடி வேணாம்னு சொல்லி, சாப்பிடற டைம்ல நாடகத்தையே மாத்திட்டாங்க, இப்ப நீங்க எல்லாரும் சிரிச்சது, பெத்த புள்ளைய அடக்கம் பண்ற ஒரு அம்மாவைப் பாத்து."