ஆலடித்துறைக்கு ஒரு சென்டர்பேக்

வாட்ஸப்பில் அனுப்பிய பிறகுதான் கணேசலிங்கத்துக்குப் பயம் பிடித்தது. அழித்துவிடலாம் என்று பார்த்தார். அதற்குள் முப்பத்தொரு பேர் வாசித்துவிட்டார்கள், பத்தொன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள்.

சிட்னிப் புறநகரான செவன் ஹில்ஸில் அவர் வேலை செய்யும் களஞ்சியத்தின் சாப்பாட்டு அறை அது. காலைத் தேநீர் இடைவேளை முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது. கையிலிருந்த பிளேன்டீ ஆறிப்போய்விட்டது.

ஆரம்பத்தில் விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சிட்னியில் இருக்கிற ஆலடித்துறைக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஓர் உதைபந்தாட்ட அணி உண்டு. சீசன் தொடங்க ஆறு கிழமை இருந்தது. போன வருடம் சென்டர்பேக்காக, அதாவது கோல்காப்பாளருக்கு முன்னால் நின்று வருகிறவனையெல்லாம் மறித்த பொடியன், வேலை கிடைத்துப் பேர்த் நகரத்துக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவன் இளங்கீரன், சங்கத் தலைவர் வரதராஜாவின் மகன். மற்றவன் ஸ்ரீகாந்த். கோயம்புத்தூர்க்காரன், பரமட்டாவில் கணினி வேலை, சங்க உறுப்பினர் ஆனந்தராஜாவின் மகள் மிருணாளினியைக் கட்டியவன். பழைய மாணவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், மருமக்கள் மட்டுமே அணியில் ஆடலாம் என்பது சங்கத்தின் சட்டம்.

இரண்டு மாதமாகச் சங்கத்தின் வாட்ஸப் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. இளங்கீரனுக்கு நல்ல உயரம், ஆனால் அவன் திரும்பி முடிப்பதற்குள் எதிராளி கோல் அடித்து, கொண்டாடி, தண்ணீரும் குடித்துவிடுவான் என்றது ஒரு கட்சி. ஸ்ரீகாந்துக்கு நல்ல வேகம், ஆனால் பந்து தலைக்கு வரும்போது கண்ணை மூடுகிறான் என்றது மற்றக் கட்சி. அவன் கண்ணை மூடுகிற காட்சியை யாரோ மெதுவாக ஓட்டி வீடியோவாகப் போட்டார்கள். அது மூடல் அல்ல, சிமிட்டல் என்று கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் ஒருவர் மூன்று பந்தியில் விளக்கம் எழுதினார். கிரவீன் பூங்காவில் நடக்கிற பயிற்சியில் ஓடுகிறவர்கள் பதினான்கு பேர், மடிக்கிற கதிரையோடு வந்து குறை சொல்கிறவர்கள் முப்பது பேர். இவர்களில் ஒருவராவது கடைசியாகப் பந்தை உதைத்தது எப்போது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கணேசலிங்கம் இளங்கீரன் கட்சி. கட்சியின் பேச்சாளரும் அவர்தான், எழுத்தாளரும் அவர்தான். ஆனால் வியாழக்கிழமைப் பயிற்சியில் அந்தப் பொடியன் இரண்டு முறை கோட்டை விட்டான். வெள்ளி விடிந்ததும் மற்றக் கட்சி ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் அவர் எழுதினார்:

"மருமகன் எண்டு ஸ்ரீகாந்த் விளையாடுறார், சரி. மாமனார் ஆலடித்துறையிலை படிச்சதுக்கு என்ன அத்தாட்சி?"

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றால், கணேசலிங்கமே ஆலடித்துறைக் கல்லூரியில் படித்தவர் அல்ல. ஒரு நாள்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை.

திட்டம் போட்டு ஏமாற்றுகிற ஆளா அவர்? இல்லவே இல்லை. இருபத்தொரு வருடத்துக்கு முன் சிட்னிக்கு வந்த புதிதில், பேச ஒரு முகம் இல்லாமல் பென்டில் ஹில் கடையொன்றில் நின்றவரை, ஞாயிற்றுக்கிழமை மட்ச் பார்க்க வாரும் என்று யாரோ கூப்பிட்டார்கள். போனார். சாப்பாடு கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் கேட்டுப் பட்டியலில் எழுதினார்கள். எங்கே படித்தவர் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பிறகு கேட்டபோது உண்மையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மகள் வினுஷா பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வைத்தபோது மண்டபம் சோடித்தவர்கள் இவர்கள். மனைவி யோகாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் இவர்கள். கல்லூரிக் கீதத்தை அவரைப்போல முழுதாகப் பாடம் வைத்திருப்பவர் சங்கத்தில் வேறு யாருமில்லை. சிட்னியில் அவருக்குச் சொந்தம் என்று இருந்தது இந்தச் சங்கம்தான். இது போனால் பிறகு என்ன இருக்கிறது என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் தலைவர் வரதராஜாவின் பதில் வந்தது. கணேசலிங்கம் கேட்டது நியாயம், ஆனால் ஒருவரை மட்டும் கேட்டால் மனம் நோகும், ஆகவே நாற்பத்திரண்டு உறுப்பினர்களும் அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டத்துக்குப் பாடசாலை விடுகைப் பத்திரத்தோடு வரவேண்டும் என்று எழுதியிருந்தார். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொல்கிறவனைத்தானே முதலில் சந்தேகிப்பார்கள்.

இதை முளையிலேயே கிள்ளிவிடவேண்டும் என்று கணேசலிங்கம் அன்று பின்னேரமே கட்சி மாறினார். யோசித்துப் பார்த்ததில் ஸ்ரீகாந்த்தான் சரியான ஆள், அத்தாட்சி ஒன்றும் தேவையில்லை, விஷயத்தை இத்தோடு விடுவோம் என்று பணிவாக எழுதினார்.

பழைய கட்சி அவரைத் துரோகி என்றது. புதுக் கட்சி தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. உண்மைக்காகத் தன் பக்கத்தையே விட்டுவந்த மனுசன், பக்கச்சார்பு இல்லாதவர், பத்திரங்களைச் சரிபார்க்க இவரை விட்டால் ஆள் ஏது என்று ஆனந்தராஜாவே பிரேரித்தார். இரண்டு நிமிடத்தில் கணேசலிங்கம் சரிபார்ப்புக் குழுவின் தலைவராகிவிட்டார். அந்தக் குழுவில் வேறு ஆட்களும் இல்லை.

முதலில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. பார்க்கிறவனை யார் பார்க்கப் போகிறார்கள்? யோகாவிடம் போய்ச் சொன்னார். மனைவிக்கு எல்லாம் தெரியும். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"முதலிலை உங்கடையைத்தான் காட்டச் சொல்லுவினம்," என்றார்.

அப்படியே நடந்தது. கூட்ட நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக, மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் கணேசலிங்கம் தன் பத்திரத்தைச் சபைக்குக் காட்டுவார் என்று போட்டிருந்தது.

திங்கட்கிழமை அவர் குழுவில் எழுதினார், தன்னுடைய பத்திரம் தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று. பொய்தான், ஆனால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாத பொய். பத்து நிமிடத்துக்குள் இருபத்தாறு பேர் தங்களுடையதும் தொலைந்துவிட்டதாக எழுதினார்கள். ஒருவருடையது கடலோடு போய்விட்டதாம். இன்னொருவருடையதை ஆடு தின்றுவிட்டதாம். அப்பாடா, இத்தோடு முடிந்தது என்று கணேசலிங்கம் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சாப்பாட்டை முடிக்கவில்லை, ஸ்ரீகாந்த் எழுதினான். பெரியவர்கள் பத்திரம் தொலைந்து கஷ்டப்படுவதைப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லையாம். கல்லூரிக்கே போன் போட்டானாம். அங்கே சிறி என்று ஒரு கிளாக்கர் இருக்கிறாராம், தங்கமான மனிதராம். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதிலிருந்து எல்லா அனுமதிப் பதிவேடும் கறையான் அரிக்காமல் பத்திரமாக இருக்கிறதாம். நாற்பத்திரண்டு பேருடைய விவரத்தையும் சங்கப் பட்டியலிலிருந்து எடுத்து அவன் அனுப்பியும் விட்டான். ஞாயிறு கூட்டத்தின் நடுவில் கிளாக்கர் வீடியோவில் வந்து முடிவைச் சொல்வாராம்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் தலைவர், "நல்ல முயற்சி" என்று இரண்டே சொல் எழுதினார்.

புதன்கிழமை வேலை முடிந்த கையோடு, ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு கணேசலிங்கம் கிரவீனில் ஸ்ரீகாந்தின் வீட்டுக்குப் போனார். சுற்றி வளைத்துப் பார்த்தார். பிறகு நேராகவே கேட்டார்.

"தம்பி, இந்தக் கிளாக்கர் விசயத்தை விடுவமே. நீர் வடிவா விளையாடுறீர். அது காணும், வேறையொண்டும் தேவையில்லை."

"இல்ல அங்கிள், நீங்க கேட்டது கரெக்ட்தான். பேர்ல ஒரு சந்தேகத்தை வெச்சுக்கிட்டு நான் எப்படி கிரவுண்ட்ல இறங்குவேன்? மாமா மானமும் இருக்குல்ல."

தேநீர் கொண்டுவந்த மிருணாளினி மெதுவாகச் சொன்னாள். "அப்பா அந்த மெசேஜ் வந்த நாளிலையிருந்து வடிவாச் சாப்பிடுறேல்லை அங்கிள். ஒருத்தரோடையும் கதைக்கிறதும் இல்லை."

கணேசலிங்கம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தன் வாய்க்கொழுப்பால் ஒரு நல்ல மனிதர் வெட்கத்தில் சாப்பிடாமல் கிடக்கிறார். அதுவும் எதற்கு? அந்தரத்தில் பந்து வரும்போது யார் கண்ணை மூடுகிறான் என்ற வழக்குக்கு. கார் ஓட்டி வரும்போதே அவர் முடிவெடுத்துவிட்டார். எது போனாலும் போகட்டும், கிளாக்கர் வாயால் வருவதற்கு முன் தன் வாயால் சொல்லிவிடவேண்டும்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு மண்டபத்தில் பதினேழு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்களுக்கு ஒரே நாளில் காய்ச்சல், கார் பழுது, வேலைக்கு அவசர அழைப்பு. வந்தவர்களும் வாசலுக்குப் பக்கத்துக் கதிரைகளாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஸ்ரீகாந்த் மூலையில் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆலடித்துறையில் கிளாக்கர் சிறி ஞாயிறென்றும் பாராமல் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். சத்தம் மட்டும் இன்னும் வரவில்லையாம்.

கணேசலிங்கத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் ஆலடித்துறையிலை படிக்கேல்லை," என்றார். "அப்பாவுக்கு என்னை அங்கை படிப்பிக்கவேணும் எண்டு சரியான ஆசை. எண்பத்தைஞ்சிலை சண்டையாலை றோட்டு இருந்த இருப்பிலை, பத்து மைல் பஸ்ஸிலை அனுப்ப அம்மா விடேல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்திலைதான் படிச்சனான். உங்கடை கல்லூரியை நான் மதிலுக்கு வெளியிலை நிண்டு பாத்ததோடை சரி. ஆனந்தராஜா அண்ணை, உங்களைப்போய்ச் சந்தேகிச்சதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஆனந்தராஜா தரையைப் பார்த்தார். பிறகு தலைவர் வரதராஜா மெல்ல எழுந்தார். எழும்போது சோர்ந்திருந்த முகம் நிமிர்ந்து முடிக்கும்போது சிவந்திருந்தது.

"இருபத்தொரு வருசம் எங்களோடை இருந்து எங்களையே ஏமாத்தியிருக்கிறீர். கல்லூரியின்ரை மானம் எண்டு ஒண்டு இருக்கு. அதை விளையாட்டுச் சாமான் எண்டு நினைச்சீரோ?"

சபைக்குத் திடீரென்று உயிர் வந்தது. ஆட்டுக்குப் பத்திரத்தைக் கொடுத்தவர் எழுந்து வெட்கம் வெட்கம் என்றார். கணேசலிங்கத்தை நீக்கவேண்டும் என்று தலைவர் பிரேரிக்க, ஆனந்தராஜா, சாப்பிடாமல் கிடந்த அந்த ஆனந்தராஜா, கணீரென்ற குரலில் வழிமொழிந்தார். கள்ளன் தானாகவே அகப்பட்டுவிட்டபடியால் இனிமேல் பதிவேடு பார்ப்பது வீண்வேலை, பாவம் அந்தக் கிளாக்கரைக் கஷ்டப்படுத்தக்கூடாது, இணைப்பைத் துண்டிக்கவும் என்று தலைவர் அறிவித்தார். சங்க வரலாற்றில் அப்படி ஒரு கைதட்டல் கேட்டதில்லை.

அந்தச் சந்தோஷத்தில் சென்டர்பேக் பிரச்சினையும் தீர்ந்தது. முதல் பாதி இளங்கீரன், இரண்டாம் பாதி ஸ்ரீகாந்த். இரண்டு மாதம் அடிபட்ட விஷயம் முக்கால் நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கணேசலிங்கம் வெளியே வரும்போது உள்ளே கல்லூரிக் கீதம் தொடங்கியிருந்தது. இரண்டாவது சரணத்தில் எல்லாரும் வழக்கம்போலத் தடுமாறினார்கள். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் அது அப்படியே அமுங்கிப்போனது.

கார் நிறுத்துமிடத்தில் நின்று சட்டைப்பைக்குள் திறப்பைத் தேடினார். கண் கலங்கியிருந்ததில் எடுத்தது கார்த் திறப்பா வீட்டுத் திறப்பா என்றும் தெரியவில்லை. பொக்கற்றுக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். நடுச் சந்தையில் தனியாக விட்டுப் போனதுபோல இருந்தது அவருக்கு. வீட்டுக்குப் போய் யோகாவிடம் என்னவென்று சொல்வது?

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. ஸ்ரீகாந்த். திறந்த மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றான்.

"அங்கிள், உள்ள வேணாம்னுட்டாங்க. ஆனா அந்த கிளார்க் லைன்லயே இருந்தார். லீவு நாள்ல நமக்காக வந்து உட்கார்ந்திருக்கார், பாவம். அதான் என்னன்னு கேட்டுட்டேன்."

"எனக்கென்னத்துக்குத் தம்பி இனி அதெல்லாம்," என்றார் கணேசலிங்கம்.

ஸ்ரீகாந்த் மண்டபத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"எண்பத்தஞ்சு ஜனவரியில அப்பா கையெழுத்துப் போட்டுச் சேர்த்திருக்கார், பையன் ஒரு நாள்கூட வரலைன்னு பக்கத்துல குறிச்சிருக்காம். நாம அனுப்புன நாப்பத்திரண்டு பேர்ல அந்தப் புஸ்தகத்துல இருக்கிறது அந்த ஒரு பேருதான் அங்கிள். உங்க பேரு."