சாணி உபயம்

ஒரு காட்டில் ஒரு மொட்டை மேடு இருந்தது. மனிதர்கள் சுரங்கம் தோண்டி, வேண்டியதை அள்ளிக்கொண்டு, வேண்டாத கல்லையும் மண்ணையும் கொட்டிவிட்டுப் போன மேடு. அங்கே புல்லும் முளைக்காது, ஓணானும் ஏறாது.

நாட்டாமை யானை ஒரு திட்டம் போட்டது. காட்டிலுள்ள எல்லோருடைய கழிவையும் ஒரு குழியில் சேர்த்து, மக்கவைத்து, அந்த எருவை மேட்டில் பரப்பிப் புல் வளர்ப்பது.

"ஒரே குழின்னா யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று காட்டெருமை சண்டைக்கு வந்தது.

கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சமே தெரியாதபடி பெயர் எழுதி வைப்பார்களே, அந்தப் புத்தி மிருகங்களுக்கும் உண்டு. ஆகவே ஆளுக்கொரு குழி, ஆளுக்கொரு பாத்தி, ஆளுக்கொரு பலகை. 'உபயம்: காட்டெருமை அண்டு சன்ஸ்'. 'உபயம்: நாட்டாமை யானை குடும்பத்தார்'. கடைசியில் மூலைப் பாத்தி ஒன்று முள்ளம்பன்றிக்கு.

மேஸ்திரி சாணிவண்டு எச்சரித்தது: "நாப்பது நாள் உள்ளுக்குள்ளயே வெந்தாத்தான் விதையெல்லாம் சாகும். இல்லேன்னா அவங்கவங்க தின்னது முளைச்சிரும்."

"இருபதாம் நாள் திறப்பு விழா. ராஜா வர்றார். வெந்துச்சா வேகலையான்னு மோந்தா பார்க்கப் போறார்? பரப்புய்யா!" என்றது குமாஸ்தா நரி.

பரப்பினார்கள். சிங்கராஜா வந்து ரிப்பன் வெட்டியது. கொழுப்பு ஏறிவிட்டதென்று வைத்தியர் அதற்கு மாமிசத்தை நிறுத்தியிருந்தார். "குளிர்ச்சியா ஒரு தர்பூசணி கொண்டாங்க" என்றது. கோடைக்காகப் பொதுக் கிடங்கில் நூறு பழம் சேர்த்து வைத்திருந்தார்கள். திறந்தால், ஒரு பழம்கூட இல்லை.

"பத்து நாளில் திருடன் பிடிபடணும்" என்று உறுமிவிட்டு ராஜா பசியோடு போனது.

கிடங்கு வாசலில் ஒரு முள் கிடந்தது. போதாதா? முள்ளம்பன்றியை இழுத்து வந்தார்கள்.

"அந்த வழியாத்தான் ஐயா தினம் தண்ணிக்குப் போறேன். உங்களுக்கு முடி கொட்டுற மாதிரி எனக்கு முள்ளு கொட்டுது."

"எனக்கேதுடா முடி?" என்றது யானை. "பத்தாம் நாளுக்குள் நிரூபி. இல்லாட்டி குடும்பத்தோட காட்டை விட்டு வெளியே."

முள்ளம்பன்றியின் பெண்டாட்டிக்கு நிறைமாதம். முள்ளம்பன்றி பத்து நாளும் தூங்கவில்லை. நடுவில் இரண்டு மழை பெய்தது. பத்தாம் நாள் காலையில் மூச்சிரைக்க ஓடிவந்து கத்தியது: "ஐயா, மேட்டைப் பாருங்க!"

எல்லோரும் போனார்கள். மேடு பச்சைப்பசேலென்று இருந்தது. ஆனால் புல் இல்லை. நரியின் பாத்தியில் தர்பூசணிக் கொடி. காட்டெருமை பாத்தியில் தர்பூசணிக் கொடி. யானையின் பாத்தியிலோ உபயப் பலகையே தெரியாத அளவுக்குக் கொடி. மூலைப் பாத்தியில் மட்டும் வெறும் புல்.

"என் பாத்தியில ஒத்த விதை இருக்கா ஐயா? நான் தின்னவே இல்லை!"

 நரி தொண்டையைச் செருமியது.

"நாங்க எல்லாரும் விதையை ஒளிவுமறைவு இல்லாம மண்ணுகிட்ட ஒப்படைச்சிருக்கோம். இவன் ஒருத்தன்தான் தடயத்தையே அழிச்சிருக்கான். கைதேர்ந்த திருடன் ஐயா."

"தின்னாத்தானே விதை வரும்!"

"தின்னாமலா ஒரு பாத்தி நிறைய உபயம் குடுத்தே?"

"அது கிழங்கு தின்னது ஐயா."

"கிழங்கா?" காட்டெருமை நிமிர்ந்தது. "யாரைக் கேட்டுத் தின்னே? குமாஸ்தா, அதையும் எழுதிக்கோங்க."

தீர்ப்பு ஆயிற்று. போகிற போக்கில் யானை மூலைப் பாத்திப் புல்லையும் பிடுங்கிப் போடச் சொன்னது. தர்பூசணித் தோட்டத்தில் எதற்குக் களை?

எல்லைக் கல்லைத் தாண்டும்போது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டி நின்றது.

"ஏங்க, ஊரே தின்னப்போ நீங்களும் ரெண்டு துண்டு தின்னு தொலைச்சிருக்கக் கூடாதா? பிள்ளையைச் சொந்த வளையிலே பெத்திருப்பேனே."

நீதி: யோக்கியமாக இருப்பதில் தப்பில்லை, ஆனால் எதற்கும் நாலு விதையை விழுங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.